மூன்றாம் மாடி எழுத்து உதவி அறை

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் சதவீதம் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலையில்லை. மாணவர்கள் எழுதிக்கொண்டு வரும் ஆய்வேடுகளைக் கணினியில் ஏற்றி, அதில் எவ்வளவு ஏற்கெனவே பிறர் எழுதியதோடு ஒத்துப்போகிறது என்று அறிக்கை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் கையெழுத்துப் போடுவார். தாண்டினால் விசாரணைக் குழுவுக்கு அனுப்புவார். நான் பக்கத்து மேசைக்காரன். புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது, கிழிந்ததை ஒட்டுவது எல்லாம் நான்தான். பதினாறு வருஷமாக இருவருக்கும் ஒரே மின்விசிறி.

அந்த மேசைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவன் மண் அரிப்பைப் பற்றி ஆய்வு செய்தான். சதவீதம் குறைய வேண்டுமென்று வார்த்தைக்கு வார்த்தை மாற்றி, நூற்றிருபது பக்கத்திலும் 'மண் சொறி' என்று எழுதிக்கொண்டு வந்தான். இன்னொருவன், கல்யாணமே ஆகாதவன், நன்றியுரைப் பக்கத்தில் 'எல்லா நேரத்திலும் துணை நின்ற என் அன்புக் கணவருக்கு' என்று நன்றி சொல்லியிருந்தான். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "வீட்டுக்காரர் நல்லா இருக்காராப்பா?" என்று கேட்டார். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. தான் கொடுக்கும் ஏட்டைத் தானே படிக்காதவனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

"இவனுங்களையெல்லாம் வெளிய தள்ளிக் கதவைச் சாத்தணும்க்கா" என்பேன்.

"தள்ளிட்டா அப்புறம் யாருக்குச் சொல்லிக் குடுக்கிறது தம்பி" என்பார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு, புத்தக முதுகில் எண் சீட்டு ஒட்ட வந்தவர். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கணவர் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்கிறவர், சாதுவான மனிதர். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் யாராவது "நாளைக்கு மழையாம்" என்றால்கூட "யார் சொன்னது? எங்க படிச்சே?" என்று கேட்கிற பழக்கம் அக்காவுக்கு. ஒருமுறை அவர் கணவர் என்னிடம் அலுத்துக்கொண்டார். "கல்யாணம் ஆன புதுசுல ஆசையா ஒரு லெட்டர் எழுதினேன் சார். படிச்சுட்டு, ரெண்டாவது பத்தி நீங்க எழுதின மாதிரி தெரியலையேன்னு கேட்டா. என் சிநேகிதன் எழுதிக் குடுத்ததுதான். அன்னைக்கு விட்டவன்தான், இன்னைக்கு வரைக்கும் ஒரு லெட்டர் எழுதலை."

வருஷம் தோறும் படிப்பு தொடங்கும் முதல் வாரத்தில் அக்காவுக்கு ஒரு வகுப்பு உண்டு. பெரிய கூடத்தில் நானூறு பேரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் ஆய்வு நேர்மையைப் பற்றிப் பேச வேண்டும். நீல அட்டை போட்ட கையேடு ஒன்றை ஆளுக்கொன்று கொடுப்போம். எதெல்லாம் திருட்டு என்று ஏழு வகை, அதற்கு என்ன தண்டனை என்று நான்கு வகை. அக்கா அந்தப் பகுதியை மட்டும் பக்கம் பக்கமாக வாசிப்பார். பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் வருகைப் பதிவேடு எப்போது தங்கள் வரிசைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் கையேட்டை நாற்காலியிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். நான் மூட்டை கட்டி வைத்து, கசங்காததாகப் பொறுக்கி அடுத்த வருஷம் கொடுப்பேன். ஒன்பது வருஷமாக ஒரே பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கையேட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போன ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, தையல்காரிதான்.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது நான். ஆறு வருஷம் ஒரு தையல் ஆலையில் வேலை பார்த்துவிட்டு, இருபத்தேழு வயதில் முதுகலை படிக்க வந்தவள். தையல் ஆலைப் பெண்களின் உடல்நலத்தைப் பற்றித்தான் ஆய்வேடு. காலையில் நான் கதவைத் திறக்கும்போது வாசலில் நிற்பாள். தலையணை பருமனில் ஒரு நோட்டு வைத்திருப்பாள். வாசிப்புக் கூடத்தில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவாள், எழுதுவாள், அப்படி எழுதுவாள். அவள் வேலை பார்த்த ஆலையிலேயே நல அலுவலர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. அவளுக்கென்று அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் பட்டச் சான்றிதழோடு போனால் வேலை அவளுக்கு. போகாவிட்டால் வேறு யாருக்காவது. அவள் அம்மா இன்னும் அதே ஆலையில் பொத்தான் தைக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் ஆய்வேட்டுக்கு அறிக்கை முப்பத்தெட்டு சதவீதம் என்று வந்தது.

அக்கா நம்பவில்லை. துணைநூல் பட்டியலை நீக்கிவிட்டு இன்னொருமுறை போட்டார். முப்பத்தேழு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவளைப் போய் நல்ல பெண் என்று நினைத்தோமே என்றிருந்தது. பதினைந்துக்கு மேல் போனால் விசாரணை. முப்பதைத் தாண்டினால் ஒரு வருஷத் தடை என்பது கையேட்டு விதி. ஒரு வருஷம் என்றால் அவள் வேலை போனது போனதுதான்.

அவளை வரச்சொன்னோம். அறிக்கையில் சிவப்பு அடித்த பக்கங்களைப் பார்த்தாள்.

"இது நான் எழுதினது மேடம்."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்கம்மா."

"சத்தியமா நான் எழுதினது. என் நோட்டுல இருக்கு. என் கையெழுத்துல இருக்கு. எந்த வெப்சைட்லேர்ந்தும் ஒரு வரிகூட எடுத்து ஒட்டலை மேடம். நோட்டைப் பார்த்துத்தான் ஒவ்வொரு எழுத்தா டைப் பண்ணேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "கையால எழுதினா திருட்டு திருட்டு இல்லைன்னு ஆயிடுமா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"அந்த நோட்டைக் கொண்டா" என்றார்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் அக்கா அந்த நோட்டைப் படித்தார். இருநூற்றுச் சொச்சம் பக்கம், எல்லாம் நீல மசி, ஒரே சீரான கையெழுத்து. ஒரு பக்கத்தில்கூட எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்ற குறிப்பு இல்லை. மேற்கோள் குறி கிடையாது. புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தெழுதிய பத்தி, அதற்குக் கீழே இவளுக்கே தோன்றிய நாலு வரி, அதற்குக் கீழே மறுபடியும் புத்தகம். இரண்டு வருஷம் கழித்து அதைத் திறந்து பார்த்தவளுக்கு எது யாருடையது என்று பிரித்தறிய வழியே இல்லை. எல்லாம் தன் கையெழுத்து. அதனால் எல்லாம் தன்னுடையது என்று நம்பி வரிசையாகத் தட்டச்சு செய்திருக்கிறாள். இரண்டு வருஷ உழைப்பு இப்படிக் கலந்து கிடந்தது.

அக்கா நோட்டை மூடி வைத்துவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார். "எடுத்து எழுதும்போதே புத்தகத்தோட பேரு, பக்கம், ரெண்டையும் ஓரத்துல குறிச்சு வைக்கணும்னு உனக்கு யாரும் சொல்லலையா?"

"இல்லை மேடம்."

"முதல் வாரத்துல என் வகுப்புக்கு வந்தியா?"

"வந்தேன் மேடம். முன் வரிசையிலதான் உட்கார்ந்திருந்தேன்." தயங்கினாள். பிறகு பொறுக்கமுடியாமல் கொட்டிவிட்டாள். "நீங்க ஒரு மணி நேரமும் தப்பு என்ன, தண்டனை என்னன்னுதான் மேடம் சொன்னீங்க. நோட்டு எப்படி எழுதணும்னு சொல்லலை. கையேட்டுலயும் தேடினேன், இல்லை. சந்தேகம்னா மூணாம் மாடியில இருக்கிற எழுத்து உதவி அறைக்குப் போங்கன்னு போட்டிருந்துச்சு. போனேன். ரெண்டு தடவை கதவு பூட்டியிருந்துச்சு. மூணாவது தடவை திறந்திருந்துச்சு. உள்ள ஒருத்தர் தண்ணித் தொட்டி கழுவிட்டு இருந்தாரு. எழுத்து உதவி எங்கன்னு கேட்டேன். இங்க தண்ணிதான்மா இருக்குன்னாரு."

எங்கள் நூலகத்துக்குத் தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி. அதற்கு மேலே மொட்டை மாடி. வேறொன்றுமில்லை. நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சொல்லிவிடுகிறேன், மென்று விழுங்கி என்ன ஆகப்போகிறது. அந்தக் கையேடு எங்கள் கையேடே இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து பார்வையிட ஆட்கள் வருவதாக இருந்தது. ஆய்வு நேர்மைக்குக் கையேடு இருக்கிறதா என்று கேட்பார்கள் என்று முந்தின நாள் மதியம் இரண்டு மணிக்குத்தான் அப்போதைய பதிவாளருக்குத் தெரிந்தது. இறங்கி ஓடி வந்தார். வேறெங்கோ உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கையேட்டைக் கணினியில் காட்டி, "பேரை மாத்தி நம்ம சின்னத்தைப் போட்டு அச்சுக்கு அனுப்புங்க" என்றார்.

"இது அவங்க எழுதினது சார்" என்றார் அக்கா.

"அதனால என்னம்மா, நேர்மை எல்லா இடத்துலயும் ஒண்ணுதானே" என்றார் பதிவாளர்.

அக்கா கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துப் பார்த்தார். தற்காலிக வேலை நிரந்தரமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. உட்கார்ந்து பெயர்களை மாற்றினார். சின்னத்தை ஒட்டி, கடைசியாகச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்பியது நான். உள் அட்டையில் 'தொகுத்தவர்' என்று அக்கா பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. அப்போது அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

விசாரணைக்கு ஐந்து நாள் இருந்தது. அக்கா அந்த ஐந்து நாளும் தையல்காரியைத் தன் மேசைக்கு எதிரே உட்கார வைத்துக்கொண்டார். நோட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பி ஒரே கேள்வி: "இது யார் பேசுறது?" புத்தகம் பேசினால் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து, பக்க எண்ணை ஓரத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, படித்ததைத் தனக்குத் தெரிந்த பேச்சில் எழுத வேண்டும். எழுதியபின் மறுபடி திறந்து, சொன்னது சரியா, வார்த்தை திரும்ப அப்படியே வந்துவிட்டதா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். புத்தகங்களைத் தேடி எடுத்துக் கொடுத்து என் இடுப்பு ஒடிந்தது. ஒரு பத்திக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

"இவ்வளவுதானாக்கா? இதை ஒன்பது வருஷமா நாம சொல்லலையா?" என்று கேட்டேன்.

"தண்டனையை வாசிக்கிறது சுலபம் தம்பி. நானூறு பேருக்கு ஒரே மணி நேரத்துல வாசிச்சுடலாம்" என்றார். அவருக்கே அவர்மேல் எரிச்சல் என்பது குரலில் தெரிந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒரு வரியில் அக்காவின் பென்சில் நின்றது. கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் அட்டை கேட்டு வாங்க வேண்டும் என்பதால், ஆலையில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தது.

"இது யார் பேசுறது?"

"யாரும் இல்லை மேடம். நான்தான். அங்க ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேனே."

"இதைப் போய் ஒரே வரியில விட்டிருக்கே. அதுக்கு முன்னாடி மூணு பக்கம் எவனோ எழுதினதை அப்படியே எடுத்து வச்சிருக்கே. உன் வரிதானேம்மா இதுல ஆய்வே!"

"நான் சொன்னா யார் மேடம் கேட்பாங்க. புத்தகத்துல இருந்தாத்தானே நம்புவாங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை அடுக்குகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவராக இருந்த பேராசிரியரை மாணவர்கள் 'கமா' என்பார்கள். கொடுக்கிற எந்தத் தாளிலும் கமாவைத்தான் முதலில் திருத்துவார், அதனால். பேச்சைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்று என்னை உட்கார வைத்திருந்தார்கள். தையல்காரி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"முப்பத்தெட்டு சதவீதம். இதுல பேச என்ன இருக்கு? விதி தெளிவா இருக்கு, ஒரு வருஷம்" என்றார் கமா.

"அதே கையேட்டுல பத்தொன்பதாம் பக்கத்துல இன்னொரு விதியும் இருக்கு சார்" என்றார் அக்கா. எழுந்து நின்று வாசித்தார். உதவி அறையை நாடியும் உதவி கிடைக்காமல் போன மாணவருக்கு, முதல் தவறாயின், திருத்தி எழுத ஆறு வாரம் தரப்பட வேண்டும். "இந்தப் பொண்ணு மூணு தடவை போயிருக்கா. அங்க அறை இல்லை."

"அறை இல்லாட்டி என்ன, உங்க மேசைக்கு வந்திருக்கலாமே. ஏதோ அச்சுப்பிழை."

"அச்சுப்பிழை இல்லை சார். அந்த வரி இன்னொரு பல்கலைக்கழகத்துலேர்ந்து வந்தது. மொத்தக் கையேடும் அங்கேர்ந்துதான் வந்தது. நான் எடுத்துப் போட்டேன். நேத்து அதையும் நம்ம சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்த்தேன். தொண்ணூத்து நாலு சதவீதம்." அறிக்கையை மேசைமேல் வைத்தார்.

இன்னொரு உறுப்பினர் சிரிப்பை அடக்க இருமினார். கமாவின் முகம் கறுத்தது. அந்தக் கையேட்டை விதியாக ஏற்றுக் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

"அது நிர்வாகக் காகிதம்மா. ஆய்வேடும் அதுவும் ஒண்ணா?"

"அதை வச்சுத்தானே சார் இவளுக்கு ஒரு வருஷம் போடப்போறீங்க. அது நம்ம விதின்னா, பத்தொன்பதாம் பக்கமும் நம்ம விதிதான். ஆறு வாரம் குடுங்க. நம்ம விதி இல்லைன்னா, எதை வச்சுத் தண்டிக்கிறீங்க?"

கமா தாளைப் புரட்டினார். திருத்தக் கமா எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பிறகு வழி கண்டுபிடித்தவர்போல நிமிர்ந்தார். "உங்க ஒருத்தர் வார்த்தையை வச்சு நாங்க முடிவெடுக்க முடியாது. இந்தப் பொண்ணுமேல இரக்கப்பட்டு இப்படிச் சொல்றீங்கன்னு நாளைக்கே எவனாவது கேட்பான். பழைய பதிவாளருக்கு நானே போன் பண்றேன்."

அங்கேயே பண்ணினார். பழைய பதிவாளருக்கு அப்படி எதுவும் ஞாபகமில்லையாம். நன்றாகத் தூங்குகிறாராம், தோட்டம் போட்டிருக்கிறாராம்.

"அப்போ உங்ககூட அந்த வேலையில வேற யாராவது இருந்தாங்களா? இருந்தா எழுத்துல குடுக்கட்டும். வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் பார்ப்போம். இல்லாட்டி ஒரு வருஷம்தான்."

"இருந்தாங்க" என்றார் அக்கா.

"யாரு?"

அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. "அதை அவங்களா வந்து சொன்னாத்தான் சார் சரியா இருக்கும்."

நான் தலையைக் குனிந்துகொண்டு, 'அதை அவர்களே சொன்னால்தான் சரியாக இருக்கும்' என்று பதிவேட்டில் எழுதினேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஏன் அங்கேயே எழுந்து நிற்கவில்லை என்று கேட்பீர்கள். பிரிவுத் தலைவர் பதவிக்கான பட்டியலில் என் பெயர் இருந்தது. அடுத்த மாதம் முடிவாக வேண்டியது. பதினாறு வருஷம் கிழிந்த புத்தகத்தை ஒட்டியவனுக்கு அது பெரிய விஷயம்தான்.

சாயந்திரம் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அட்டையில அவங்க பேருதானே இருக்கு, உங்க பேரு இல்லையே. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள். பத்து நிமிஷம் கழித்து வந்து, "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள். இருபத்தொன்பது என்றேன். இரண்டு பேருமே அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் அக்கா எப்போதும்போல இருந்தார். ஒரு சாடைப் பேச்சில்லை. தையல்காரி எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள், தடை வந்தாலும் எழுதி முடித்துவிடுகிறேன் என்றாளாம். எனக்கு இருவர்மீதும் கோபம் கோபமாக வந்தது. யாராவது என்னைத் திட்டித் தொலைத்திருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தாளை எடுத்தேன். அக்கா ஏற்கெனவே குழுவுக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் என் மேசையில் இருந்தது. கோப்பில் சேர்க்கக் கொடுத்திருந்தார்கள். 'கீழே கையொப்பமிட்டுள்ள நான், மேற்படி கையேடு பிற நிறுவனத்தின் கையேட்டிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது என்பதை அறிந்தே அப்பணியில் ஈடுபட்டேன்.' நல்ல வாக்கியம். அழகாக இருந்தது. அதைப் பார்த்து எழுதினேன். அடுத்ததையும் எழுதினேன். முக்கால் மணியில் கடிதம் முடிந்தது. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன்போல அக்கா மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

படித்தார். சந்தோஷப்படுவார் என்று நின்றேன். பென்சிலை எடுத்தார். முதல் வரிக்கு அடியில் கோடு. இரண்டாம் வரிக்கு அடியில் கோடு. மூன்றாவது பத்தி முழுவதையும் சுற்றி ஒரு வளையம்.

"தம்பி, இது யார் பேசுறது?"

எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரி, பாவம், நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நகல் எடுத்தேன் என்று ஒப்புக்கொள்கிற கடிதத்தை நகல் எடுத்து எழுதியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"நான் என்ன செஞ்சேன்னு நான் எழுதியிருக்கேன். நீங்க என்ன செஞ்சீங்கன்னு இதுல எங்க இருக்கு?" என்றார். "மணி மூணு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. போங்க, எழுதிட்டு வாங்க."

வெட்கமும் ஆத்திரமுமாக மேசைக்குப் போனேன். அக்காவின் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க, இத்தனை வருஷம் நானே எனக்குச் சொல்லிக்கொள்ளாத ஒன்று மேலே வந்தது. அதை எழுதாவிட்டால் மற்றது எதையும் எழுத முடியவில்லை. கடைசியில் ஐந்தே வரிதான் வந்தது.

'கையேட்டில் நம் சின்னத்தை ஒட்டியது நான். கடைசியாகச் சரிபார்த்ததும் நான். மூன்றாம் மாடியில் எழுத்து உதவி அறை என்று இருந்ததை அன்றே பார்த்தேன். நமக்கு மூன்றாம் மாடி கிடையாது என்று எனக்குத் தெரியும். யாரும் படிக்கப்போவதில்லை என்று விட்டுவிட்டேன்.'

அக்கா அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இது அவருக்கும் தெரியாது. பென்சிலைத் தொடவில்லை. "கையெழுத்துப் போடுங்க" என்றார். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கமாவின் அறையில் கொடுத்தேன்.

கமா படித்துவிட்டு, "இவ்வளவு விலாவாரியா எழுதணுமா?" என்றார். எழுதியாயிற்று. கையில் வாங்கிக்கொண்டு இல்லையென்று சொல்ல முடியாது. தையல்காரிக்கு ஆறு வாரம் கொடுத்தார்கள், ஆலை வேலைக்கான கெடுவுக்குள் முடித்துவிடலாம். அக்காவுக்கும் எனக்கும் விளக்கம் கேட்டு ஆளுக்கொரு கடிதம் வந்தது. முதல் வார வகுப்பை அக்காவிடமிருந்து எடுத்துவிட்டார்கள், யாரிடம் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. பிரிவுத் தலைவராக வேறொருவர் வந்தார். அவருக்குப் புத்தகம் ஒட்டத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் முடிவைச் சொல்லும்போது தையல்காரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சற்றுத் தள்ளி நின்றேன். எனக்கும் ஒரு நன்றி வரும் என்று எதிர்பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எதிர்பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். என் கடிதத்தைக் குழுவில் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"தெரிஞ்சேதான் விட்டீங்களா சார்?"

"ஆமாம்மா."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த மாடியிலேர்ந்து இறங்கி வரும்போது, எனக்குத்தான் எதுவும் புரிய மாட்டேங்குது போலன்னு நினைச்சேன் சார். இனிமே யாருகிட்டயும் எதுவும் கேட்டு அசிங்கப்படக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். அந்த ஒரு வரி இல்லாம இருந்திருந்தா, நேரா மேடம்கிட்ட வந்து கேட்டிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு அக்காவின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்து, அன்றைய தேதியை எழுதி வேலையை ஆரம்பித்தாள்.